தோல் பார்த்து வாங்கிய மோட்டார்

வேலூர்,
18 ஜூன் 1934

அன்புள்ள தம்பி ஆரோக்கியசாமிக்கு அக்கா அன்னம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. கர்த்தர் தயவால் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதத்தில் எந்த மருந்தின் பெயரும் கேட்கப்படவில்லை. ஆகையால் நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமென்று எடுத்துக்கொண்டேன். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. கிணற்றில் தண்ணீர் கம்மி, ஆஸ்பத்திரியில் கூட்டம் ஜாஸ்தி. இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

பென்ஷன் வருவதற்குள் ஒரு பெரிய செடான், அதாவது கூரையும் நாலு கதவும் கண்ணாடி ஜன்னலும் உள்ள மூடுமோட்டார், வாங்க வேண்டுமென்று எழுதியிருந்தாய். புதியதானாலும் சரி, ஒருவர் ஓட்டிக் கழித்ததானாலும் சரி, உட்காரச் சௌகரியமாகவும் கொடுக்கிற விலைக்குத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும். "உனக்குத்தான் தோல் மண்டி முதலாளிகளையெல்லாம் தெரியுமே, விசாரித்துச் சொல்" என்றும் எழுதியிருந்தாய். புதிதாக விசாரிக்க ஒன்றுமில்லை. இந்த மாசி மாதத்திலிருந்து நான் செய்துவந்த வேலையே அதுதான். இடையிடையே வைத்தியமும் பார்த்தேன்.

ஆம்பூரில் ஆபித் பாஷா என்று ஒருவர் தோல் பதனிடும் மண்டி வைத்திருக்கிறார். நல்ல மனிதர், மனைவியின் மேல் உயிரையே வைத்திருப்பவர். மனைவி ஜஹீருன்னிசாவுக்கு இருபத்தாறு வயது. இரண்டு பிரசவத்தில் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். சின்ன வயதிலிருந்து வெயில் படாமல் வளர்ந்ததில் எலும்பு பலமில்லாமல் இடுப்புக்கூடு குறுகிப்போயிருக்கிறது. பிள்ளை வெளியே வர வழியில்லை. மூன்றாவது தரம் ஆறு மாதமாக இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள். வலி எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் வேலூரில் அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தால்தான் பிள்ளை பிழைக்கும், ஆகையால் எட்டாம் மாதமே கொண்டுவந்து எங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க வையுங்கள் என்று ஆபித் பாஷாவிடம் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார். "ஒரு மாசம் வெளியூர் ஆஸ்பத்திரியில பொம்பளைய வுட்டா ஜமாத்துல இன்னா பேசுவாங்க, சொல்லுங்க டாக்டரம்மா? நான் ஒண்ணு பண்றேன். பெருசா ஒரு மூடு மோட்டார் வாங்கிடறேன். முப்பது மைலு, ஒரு மணி நேரம். வலி எடுத்த ஒடனே கொண்டாந்து ஒங்க கையில குடுத்துடறேன்" என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தில் ஏழு வருஷம் படித்த படிப்பில் அந்தக் கணக்கை மறுக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. சரி என்றேன். இது நான் செய்த முதல் தவறு.

பெண்பிள்ளை உட்காரச் சௌகரியமா என்பதை ஆண்பிள்ளை எப்படிச் சொல்ல முடியும் என்று, மோட்டார் பார்க்கப் போகும்போதெல்லாம் நானும் வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். துணைக்கு அவருடைய விதவை அக்காள் மஹ்பூபி வெற்றிலைப் பெட்டியோடு வந்தாள். மண்டி லாரியை ஓட்டும் ஆதிகேசவனும் வந்தான். முதலில் பட்டணத்தில் ஒரு புது மோட்டார் பார்த்தோம். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனைக்காரர் சிலிண்டர் ஆறு என்றும் பிரேக் நாலு சக்கரத்துக்கும் உண்டு என்றும் சொல்லிக்கொண்டேயிருந்தார். ஆபித் பாஷா அதில் ஒரு வார்த்தையையும் காதில் வாங்கவில்லை. பின்கதவைத் திறந்து குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆசனத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார், ஓரத்தை மடித்தார், மோந்தார், கடைசியில் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். மோட்டாரை நக்கிப் பார்த்து வாங்குகிற மனிதரை அந்த விற்பனைக்காரர் அதற்கு முன் கண்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இது தோலே இல்ல. துணி மேல பெயிண்ட் அடிச்சி வெச்சிருக்கான். என் பொஞ்சாதிய இதுலயா ஒக்கார வைக்கறது?" என்றார். புது நாகரிகம் சார், ஈரம் பட்டால் துடைத்துவிடலாம் என்றார் விற்பனைக்காரர். "தொடைக்கறதுக்கு அது இன்னா, தரையா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அடுத்தது ராணிப்பேட்டையில், சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு துரையின் மோட்டார். நாலு வருஷம் ஓடினது. ஸ்டார்ட்டரை மிதித்ததும் சத்தமில்லாமல் கிளம்பிற்று. ஆதிகேசவன் வாலாஜாபேட்டை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மொதலாளி, இத வுட்டுடாதீங்க. கடியாரம் மாரி ஓடுது" என்று கெஞ்சினான். ஆபித் பாஷா வெளிச்சத்துக்கு நேராகச் சாய்ந்து ஆசனத்தைப் பார்த்தார். "உண்ணி கடிச்ச மாட்டுத் தோலு. பொட்டுப் பொட்டா ஓட்டை. மெழுகு பூசி மறைச்சிட்டான், திருட்டுப் பய. எங்க மண்டியில இத மூணாம் ரகத்துல கடாசுவோம்" என்றார். எனக்கு அது வழவழப்பாகத்தான் இருந்தது. மஹ்பூபி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "தம்பி, நீ மோட்டாரு வாங்க வந்தியா, மாடு வாங்க வந்தியா?" என்றாள். "சும்மா இருங்க ஆபா. தோலப் பத்தி எனக்கா சொல்லித் தர்றீங்க?" என்றார் அவர். அந்த மோட்டாரை மறுநாளே ஒரு வக்கீல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் அது லாங் பஜாரில் கைவண்டிகளுக்கு நடுவே புகுந்து என்னைக் கடந்து போகிறது. ஒரு தடவையாவது அது நின்று நான் பார்த்ததில்லை.

இப்படி ஏழு வாரம். மோட்டார் எத்தனை பார்த்தோமென்று எனக்கு நினைவில்லை. ஒன்றில் தோல் வெடிப்பு, ஒன்றில் சாயம் கையில் ஒட்டுகிறது, இன்னொன்றில் தையல் சரியில்லை. ஜஹீருன்னிசாவுக்கு எட்டாம் மாதம் பிறந்து முடியவும் வந்துவிட்டது. கடைசியில் பட்டணத்தில் ஒரு ஜமீன் வீட்டில், பத்து வருஷத்து மோட்டார், ஏழு பேர் தாராளமாக உட்காரலாம், நம் பழைய வீட்டுக் கூடத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது. ஆபித் பாஷா பின்னாசனத்தில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "டாக்டரம்மா, இது நம்மூரு தோலு. ஆவாரம்பட்டையில ஊறிப் பதமானது. இங்கேர்ந்து கப்பலேறி சீமைக்குப் போயி, மெருகு ஏறித் திரும்பி வந்திருக்குது. எங்கப்பா காலத்து வேலை. இப்ப எவன் செய்றான் இத மாரி?" என்றார். அதற்குள் ஆதிகேசவன் முன்மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டான். "மொதலாளி, ஒரு நிமிசம் இப்டி வாங்க. ரேடியேட்டர் ஒழுகுது, சோப்ப வெச்சி அடைச்சிருக்கான். எஞ்சின்ல உசுரே இல்ல." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எஞ்சின் மேலயா அவ ஒக்காரப் போறா? மூடுடா" என்றார்.

பிறகு என்னை உட்காரச் சொன்னார்கள். தம்பி, இருபது வருஷமாக ஜட்கா வண்டியில் குலுங்கிக் குலுங்கி நோயாளி வீடுகளுக்குப் போய் வந்த முதுகு என்னுடையது. இதைவிடச் சௌகரியமான ஆசனத்தில் நான் உட்கார்ந்ததில்லை என்று சொன்னேன். அது உண்மை. என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான், ஓடுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்றே பணம் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்தோம். பூந்தமல்லி தாண்டியதும் தூங்கிவிட்டேன், சத்துவாச்சாரியில்தான் விழித்தேன். தண்ணீர் ஊற்ற ஆறு இடத்தில் நிறுத்தினார்கள் என்பதை மஹ்பூபி அப்புறம் சொன்னாள். "நல்லாத் தூங்கினீங்களா, எழுப்ப மனசு வரல."

மே 22, செவ்வாய்க்கிழமை. வாரம் ஒரு நாள் ஆம்பூருக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பது என் வழக்கம், அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். பத்து மணிக்கு வலி எடுத்தது. பத்தரைக்குள் ஜஹீருன்னிசாவைப் பின்னாசனத்தில் நீளப் படுக்கவைத்து, திரைகளை இழுத்துவிட்டு, நானும் மஹ்பூபியும் கீழே உட்கார, முன்னால் ஆபித் பாஷாவும் ஆதிகேசவனுமாகக் கிளம்பிவிட்டோம். நடக்கவேண்டியது நடந்துவிட்டால் பன்னிரண்டு மணிக்குள் பிள்ளை என்று நான் மனதில் கணக்குப் போட்டுக்கொண்டேன். "மெத்தை மாரி இருக்குது டாக்டரம்மா. வலி மட்டும் இல்லன்னா தூங்கிடுவேன்" என்றாள் ஜஹீருன்னிசா. மாதனூர் தாண்டி ஆவி கிளம்பிற்று. நிறுத்தித் தண்ணீர் ஊற்றினான். ஒரு மைல் போய் மறுபடி நின்றது. பாலாற்றில் மணல்தான் இருந்தது. ஆதிகேசவன் தகர டின்னை எடுத்துக்கொண்டு எங்கோ மாடு கட்டி இறைக்கும் ஒரு கவலைக் கிணற்றுக்கு ஓடினான். மூன்றாவது தடவை, பள்ளிகொண்டாவுக்கு ஒரு மைல் இருக்கையில், மாடியிலிருந்து அண்டா உருண்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அதோடு சரி.

காலை பஸ் போய்விட்டது, அடுத்தது சாயங்காலம். ரயிலும் அப்படியே. எதிரே ஒரே ஒரு மோட்டார் வந்தது, அதுவும் நிற்கவில்லை. வயலில் வேலையாக இருந்த ஆண்கள் வேடிக்கை பார்க்க வந்து சுற்றி நின்றார்கள், ஆகையால் திரையை விலக்கக் கூடாது, உள்ளே காற்றில்லை. அப்போது வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டியோடு பூவம்மாள் என்ற குடியானவப் பெண் வந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இந்தப் பொட்டிக்குள்ள போட்டு வேக வைக்கிறீங்க? தூக்கி என் வண்டியில போடுங்க. வைக்கோலு மெத்துனு இருக்குது, ஓட்டமா ஓட்டிக்கினு போறேன்" என்றாள். ஆபித் பாஷா திறந்த வண்டியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரைக்குள்ளேயே இருக்கும் கோஷாப் பெண்ணை ஊர் பார்க்க எப்படி ஏற்றுவது என்று அவருக்குத் தயக்கம். கட்டை வண்டி ஓட்டத்தில் கர்ப்பப்பை கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். ஆசனத்திலேயே இருக்கட்டும், மாட்டை மோட்டாரில் பூட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன். இது இரண்டாவது தவறு. பூவம்மாள் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "எங்க மாட்ட நம்பித்தான் பெரிய மனுசங்க மோட்டாரு வாங்கறீங்களா? சொல்லியிருந்தா ரெண்டு ஜோடி கொண்டாந்திருப்பேனே" என்றாள்.

பதினைந்து மைல், ஆறு மணி நேரம். ஆசனம் அசையக்கூட இல்லை. பர்லாங்குக்கு ஒரு தடவை அவள் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். நாலேகால் வரைக்கும் குழந்தையின் இருதயம் கேட்டது.

ஆறரைக்கு அறுத்து எடுத்தோம். பெண் குழந்தை, ஏழு ராத்தல். தாய் பிழைத்துவிட்டாள், அது எங்கள் திறமையைவிட அவளுடைய பிடிவாதம். கண் விழித்ததும், "குழந்தை எங்கே" என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தாழ்வாரத்தில் ஆபித் பாஷா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தோல்ல ஒரு கொறையும் இல்லையே டாக்டரம்மா" என்றார். இரண்டு தடவை சொன்னார். அவர் என்னிடம் சமாதானம் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

மோட்டார் எங்கள் வளாகத்தில் புங்க மரத்தடியில் நிற்கிறது. அவர் எடுத்துப் போக வரவில்லை. நோயாளிகளோடு வருகிறவர்கள் முறை வைத்துக்கொண்டு அதில் தூங்குகிறார்கள். எல்லாரும் சௌகரியம் என்றே சொல்கிறார்கள்.

ஆகையால் தம்பி, உனக்கு என் யோசனை இதுதான்: புதியதும் வேண்டாம், பழையதும் வேண்டாம். மோட்டாரைப்போல் மனிதனை நம்பவைத்துக் கழுத்தை அறுக்கும் சாமான் வேறில்லை. ரயிலில் இரண்டாம் வகுப்பில் போ. அப்படியும் ஆசை விடாவிட்டால், ஆதிகேசவன் போன்ற ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய், அவன் சொல்வதை மட்டும் கேள், ஏறி உட்காராதே.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். குழந்தைகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கில் படிக்காமலிருக்கட்டும். ஆண்டவர் உங்கள் எல்லாரையும் வைத்தியர் வேண்டாதவர்களாக வைத்துக் காப்பாராக.

உன் அக்கா,
அன்னம்மாள்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் ஜஹீருன்னிசா புண் ஆறினதைக் காட்ட வந்துவிட்டாள். மஹ்பூபி துணையோடு ரயிலில் வந்தாளாம். நீ மோட்டார் கேட்டு எழுதியதைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "மோட்டாரு எதுக்கு டாக்டரம்மா? ஒரு மாசம் முன்னாடியே வந்து இங்க படுத்துக்கினு இருந்திருப்பேனே. ஜன்னலு இருக்குது, பேச்சுத் தொணைக்குப் பொம்பளைங்க இருக்காங்க, சமைக்க வேணாம். எனக்கு இன்னா கஷ்டம்?" என்றாள். ஜமாத்தில் பேசுவார்கள் என்று உன் வீட்டுக்காரர் சொன்னாரே என்றேன். "நான் அழுது கேட்டா அவரு எதுக்கும் இல்லன்னு சொன்னதில்ல. கேட்டிருப்பேன்." ஏன் கேட்கவில்லை என்றேன். "ஆஸ்பத்திரியில எடம் உண்டுன்னே எனக்குத் தெரியாது. நீங்க வெளிய நின்னு அவர்ட்டதான பேசினீங்க?" என்றாள்.

மோட்டாரைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நீ விரும்பினால் வாங்கிக்கொள்.

அவள் போன பிறகு என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மாசியிலிருந்து அவளை ஏழு தடவை பரிசோதித்திருக்கிறேன். நாடி, ரத்தம், இடுப்பின் அளவு, குழந்தையின் இருதயத் துடிப்பு எல்லாம் தேதி போட்டு ஒழுங்காக எழுதியிருக்கிறது. அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை.