கௌதென்சியோவின் கைப்பிடி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கே பொர்தோலோ சபதம் போட்டுவிட்டார். இனி செத்தாலும் அரத்தைத் தொடுவதில்லை. கார்டோனே ஊர்ப் பட்டறையில் கரிய வெடிமருந்து அடைத்துச் சுடும் பழைய காலத்துக் கருமருந்து ரிவால்வர்களை அச்சு அசலாக மறுபடி செய்கிறார்கள். அவற்றுக்கு மரப்பிடி பொருத்தியே வாலிபத்தைக் கழித்த மனுஷர் அவர். தும்மினால் வால்நட் மரத்தூள்தான் வரும். போதும் என்றார்.

அவர் மனைவி எர்சிலியாவும் அதே பட்டறைக்காரிதான். ஆனால் அவள் விடவில்லை. சமையலறைக்குப் பக்கத்து அறையில் மேசை போட்டு, வருகிறவர்களுக்குப் பிடி பொருத்திக் கொடுத்தாள். லேசுப்பட்ட வேலை இல்லை அது. மரம் தடிமனாக வரும். துப்பாக்கியின் பித்தளைச் சட்டத்திலேயே அதை மாட்டி, மரமும் பித்தளையும் ஒரே மட்டமாகும்வரை அரத்தால் ராவ வேண்டும். நகத்தை ஓட்டிப் பார்த்தால் எங்கே மரம் முடிந்தது, எங்கே பித்தளை ஆரம்பித்தது என்று தெரியக்கூடாது.

"ஏங்க, இந்த முரட்டு ராவலை மட்டும் செஞ்சு குடுங்களேன். தோள்பட்டை கழண்டு போகுது."

"சபதம் எர்சிலியா, சபதம்."

"அப்ப பொலெண்டாக் களி கிண்டறதில்லன்னு நானும் ஒரு சபதம் போட்டுக்கவா?"

பொர்தோலோ தொப்பியை எடுத்துக்கொண்டு சீட்டாடப் போய்விட்டார்.

அந்த நிம்மதி கௌதென்சியோ வந்து சேரும்வரைதான். கௌதென்சியோ ரொட்டிக்கடைக்காரர். மனைவியை இழந்தவர். மீசை வைத்தவர். கருமருந்துத் துப்பாக்கிச் சங்கத்தின் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் எப்போதும் முதல் பரிசு அவருக்கு, இரண்டாவது பொர்தோலோவுக்கு. இதில் எதை முதலில் வெறுப்பது என்று பொர்தோலோவுக்கே குழப்பம்.

ரிவால்வரோடு வந்த பிடி தன் கைக்குச் சரிப்படவில்லை என்றார் கௌதென்சியோ. எர்சிலியா ஓர் உருண்டை மாவைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, அச்சுப் பதிய இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சரிசெய்தாள்.

"சுண்டுவிரலைத் தளர விடுங்க. அப்படி இல்ல, இப்படி."

"நீங்க புடிச்சுக் குடுத்தா குறி எப்படித் தப்பும்?" என்ற கௌதென்சியோ, மூலையில் உட்கார்ந்திருந்த பொர்தோலோவைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, நீங்க குடுத்து வெச்சவரு."

அண்ணனுக்கு வயிறு எரிந்தது. வந்தவர் போனதும் ஆரம்பித்தார்.

"அளவெடுக்க அவ்வளவு நேரமா?"

"கை பெருசு."

"என் கைய என்னிக்காவது அப்படிப் புடிச்சுப் பாத்திருக்கியா?"

"உங்க கையிலதான் எப்பவும் சீட்டுக்கட்டு இருக்கே. நான் எங்க போய்ப் புடிக்க?"

அதன்பின் தினமும் சுடச்சுட ரொட்டி வந்தது, கௌதென்சியோவின் கையாலேயே. பொர்தோலோ அதைத் தின்பதில்லை என்று முடிவு செய்தார். வாசனை தாங்காமல் தின்றார். தின்றதற்காக இன்னும் கோபப்பட்டார்.

சனிக்கிழமை காலை எர்சிலியா தலைத்துணியைக் கட்டியபடி சொன்னாள்.

"நான் சந்தைக்குப் போறேன். கௌதென்சியோவோட ரிவால்வர் மேசை மேல இருக்கு. பிடியைத் தடிமனாவே விட்டிருக்கேன். அவரு கைக்கு அதான் அழகு. இன்னும் கொஞ்சம் ராவினாக்கூட வழுக்கிடும், நாளைக்குப் போட்டியில மானம் போயிடும். தொட்டுடாதீங்க." கதவருகே நின்று சேர்த்துக்கொண்டாள். "நீங்க எங்க தொடப்போறீங்க, சபதமாச்சே."

அவள் தெருமுனை திரும்புவதற்குள் பொர்தோலோவின் கையில் அரம் இருந்தது. வழுக்கட்டும். ஊரே பார்க்க வழுக்கட்டும். அந்த மீசை அவமானப்பட்டு, இனி இந்த வாசலை மிதிக்காமல் போகட்டும்.

ராவினார். பொறாமையில் ராவினார், ஆனால் பழக்கத்தில் ராவினார். மரத்தைக் கழற்றித் தாறுமாறாகத் தேய்த்திருந்தால் ஒரு நொடியில் நாசமாகியிருக்கும். அது அவருக்குத் தோன்றவே இல்லை. சட்டத்தில் இருந்தபடியேதான் இந்த ஊரில் எல்லாரும் ராவுவார்கள். பித்தளை விளிம்பு வந்ததும் கை தானாக நின்றது. கட்டைவிரல் தானாகத் தடவிப் பார்த்தது. உள்ளங்கை படும் இடத்தில் மெல்லிய வளைவு கொடுக்காமல் மனம் ஆறவில்லை. முடிந்ததும் தூளைக் கூட்டி, ஜன்னலில் இருந்த பூந்தொட்டியில் கொட்டி மறைத்தார்.

எர்சிலியா திரும்பி வந்தாள். ரிவால்வரை எடுத்தாள். விளிம்பில் நகத்தை ஓட்டினாள். எண்ணெய் பூச உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புகை மண்டிய மைதானத்தில் கௌதென்சியோ சுட்டார். பொர்தோலோ வழுக்கலுக்காகக் காத்திருந்தார். ஒரு குண்டுகூட நடுப்புள்ளியை விட்டு விலகவில்லை. பரிசை வாங்கிய கையோடு நேரே எர்சிலியாவிடம் வந்தார் கௌதென்சியோ.

"என் கையோட கூடப் பொறந்த மாதிரி இருக்கு. எவ்வளவு நயமான வேலை."

வீட்டுக்கு நடக்கையில் பொர்தோலோவால் வாயை அடக்க முடியவில்லை.

"தடிமனா இருந்தாதான் சரின்னியே?"

"சொன்னேன்."

"அப்புறம் எப்படி..."

"உங்க மனசு கோணும்னு எனக்குத் தெரியும். கை கோணாதுன்னும் தெரியும். கெடுக்கணும்னு உக்காந்தாலும் உங்களுக்குக் கெடுக்க வராதுங்க." கொஞ்ச தூரம் போய்ச் சொன்னாள். "அடுத்த தடவை தூளைத் தொட்டியில கொட்டாதீங்க. செடி பட்டுப்போகும்."

பொர்தோலோவுக்கு அவமானமாகவும் இருந்தது, வெட்கங்கெட்டுப் பெருமையாகவும் இருந்தது. அடுத்த தடவையா? அந்த இடத்திலேயே சபதத்தைப் புதுப்பித்துக்கொண்டார், முன்னைவிடக் கடுமையாக.

மறுநாள் காலை எர்சிலியா தலைத்துணியைக் கட்டினாள்.

"மருந்துக்கடைக்காரரு அச்சில்லே தன்னோட ரிவால்வரைக் குடுத்துட்டுப் போனாரு. என்ன கைங்க அது, பட்டு மாதிரி. தடிமனாவே விட்டிருக்கேன். தொட்டுடாதீங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். இது கண்ணி என்று பொர்தோலோவுக்கு நன்றாகத் தெரியும். சின்னக் குழந்தைகூட விழாத கண்ணி. ஆனால் பட்டு என்றாளே, பட்டு!

அரத்தைத் தேடினார். தேட வேண்டியிருக்கவில்லை. அதைத் துடைத்து அவர் நாற்காலிக்கு நேராக வைத்திருந்தாள். பக்கத்தில் அவருடைய பழைய பட்டறைச் சட்டை, துவைத்து மடித்து.