கடைக் கணினியில் என் நாற்பத்திரண்டு கேள்விகள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது ஒரு புதுப் பெயரைச் சொன்னால் போதும், அவர் வாயை மூடுவதற்குள் அந்தப் பெயரை இணையத்தில் தட்டித் தேடியிருப்பேன். சிலருக்கு நகம் கடிக்கிற பழக்கம் இருப்பதில்லையா, அந்த மாதிரி. நகம் கடித்தால் சொந்த விரலோடு போயிற்று. என் பழக்கம் என் தங்கையின் கல்யாணம் வரைக்கும் போய்விட்டது.

அப்போது மயிலாடுதுறையில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என் தனிச் சொத்து, இணையத்தில் தேடுவது எப்படி என்கிற வகுப்பு. பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே பெயர் மட்டும் வரும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். ஒரு போட்டோவைக் கொடுத்து, அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாம் இலவசம். அவ்வளவுதான் விஷயம், ஆனால் நான் நடத்துகிற தோரணையைப் பார்த்தால் கணினியையே நான்தான் கண்டுபிடித்தேன் என்று தோன்றும்.

என் தங்கை ரிஸ்வானாவுக்கு முதலில் வந்த சம்பந்தத்தை இந்தத் திறமைதான் கெடுத்தது. மாப்பிள்ளையின் பெயரைத் தேடினேன், ஒரு மோசடி வழக்குச் செய்தி கிடைத்தது, அத்தாவிடம் (எங்கள் அப்பாவிடம்) காட்டினேன். அத்தா பேச்சை முறித்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த மோசடிக்காரர் அறுபது வயதுக்காரர், வேறு ஊர், பெயர் மட்டும்தான் ஒன்று. (அதுக்குள்ள அந்தப் பையனுக்கு வேற இடத்துல கல்யாணமே முடிஞ்சிடுச்சு. பிரியாணி பிரமாதமாம்.) ரிஸ்வானா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த சம்பந்தம் கீழ்வேளூரிலிருந்து வந்தது. மாப்பிள்ளை இம்தியாஸ், துபாயில் வேலை. ரிஸ்வானா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"லாத்தா, உன் கால்ல வேணாலும் விழுறேன். இந்தத் தடவை எதையும் தேடாத." (எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.)

"தேட மாட்டேன்டி. சத்தியம்."

மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனோம். வீட்டுக்கு முன்னாலேயே அவர்கள் கடை. மோட்டார், பைப், தார்ப்பாய் என்று விவசாயிகளுக்கு வேண்டிய சாமான்கள். கடையைக் கவனித்துக்கொள்வது மாப்பிள்ளையின் அக்கா ஜமீலா. என் வயதுதான் இருக்கும், அதிகம் பேசாதவர். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கணினியில் ஏதோ ஒரு மோட்டார் உதிரிப் பாகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். விளம்பரமாக வந்துகொண்டிருந்தது. எனக்குக் கை அரித்தது.

"நகருங்க, நான் காட்டுறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். மேற்கோள் குறி, கழித்தல் குறி என்று முழு வகுப்பையும் அங்கேயே நடத்தினேன். நான் சேர்த்து வைத்திருந்த பக்கங்களையும் காட்ட ஆசைப்பட்டு, அவர்கள் பிரவுசரில் என் கணக்கைப் போட்டு நுழைந்தேன். அது ஏதோ கேட்டது. படிக்காமல் 'ஆம்' என்று அமுக்கினேன். (கிளிக் பண்றதுக்கு முன்னாடி படிங்கன்னு மாணவிகள்கிட்ட கத்துறவளும் நான்தான்.) உதிரிப் பாகம் கிடைத்தது. ஜமீலா "நல்லா சொல்லிக் குடுக்கறீங்க டீச்சர்" என்றார். வெளியேறாமலே எழுந்து வந்துவிட்டேன்.

சத்தியம் மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் சும்மா ஒரே ஒரு தடவை என்று ஆரம்பித்தேன். அடுத்து வந்த நாட்களில் நான் தேடியதில் சில: "இம்தியாஸ்" துபாய் வழக்கு. "இம்தியாஸ்" முதல் கல்யாணம். "இம்தியாஸ்" துபாய் -பிரியாணி (அந்தப் பெயரில் அங்கே ஒரு சமையல்காரர் இருந்தார்). எல்லாப் போட்டோவிலும் மாப்பிள்ளை தொப்பியோடு இருந்ததால், தொப்பியோடு மட்டும் போட்டோ எடுப்பவர்களுக்கு வழுக்கை இருக்குமா. அப்புறம், நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிற ஒன்று: நாத்தனார் குணத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி.

நிச்சயத்துக்கு முந்தைய நாள் காலை. வகுப்பில் பதினான்கு பெண்கள். "ஒரு கருவியில் திறந்த பக்கத்தை இன்னொரு கருவியிலும் பார்க்கலாம்" என்கிற பாடம். என் பிரவுசரைப் பெரிய திரையில் காட்டி, 'மற்ற கருவிகள்' என்பதைத் திறந்தேன். என் போன் வந்தது. வீட்டு மடிக்கணினி வந்தது. அதற்குக் கீழே, எனக்குச் சொந்தமில்லாத மூன்றாவது கருவி ஒன்று வந்தது. அதன் பெயர் 'கடை'. கீழ்வேளூரில் நான் படிக்காமல் அமுக்கிய 'ஆம்', அவர்கள் கணினியை என் கணக்கோடு இணைத்துவிட்டிருந்தது.

அதில் திறந்திருந்த பக்கங்கள்: இரண்டு எச்.பி. மோட்டார் விலை. தார்ப்பாய் மொத்த விலை. மூன்றாவதாக, மேற்கோள் குறிக்குள் என் அத்தாவின் முழுப் பெயர், பக்கத்தில் மயிலாடுதுறை.

ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது, மேற்கோள் குறியைச் சரியாகப் போட்டிருக்கிறாரே என்று. அடுத்த கணம்தான் உறைத்தது. அவர்கள் தேடுவது எனக்குத் தெரிகிறது என்றால், நான் தேடியது?

"மிஸ், அது யாரு கடை?"

"வைரஸ்" என்றேன். வகுப்பை விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன்.

திருவாரூர் போய் அங்கிருந்து கீழ்வேளூர் போக வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து போனையே பார்த்தேன். கடைக் கணினியில் என்னென்ன பக்கம் திறக்கிறார்கள் என்பது கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை என் போனில் மாறிக்கொண்டிருந்தது. இன்னொருவர் வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது போல அசிங்கமாக இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. பைப் விலை. மறுபடியும் பைப் விலை. அல்ஹம்துலில்லாஹ், வியாபாரத்தில் மும்முரமாக இருக்கிறார்கள் என்று மூச்சு விட்டேன்.

சம்பா அறுவடை நேரம். ஒரு பக்கம் சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஒரு அறுவடை மெஷின் நத்தை மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டார். அப்போதுதான் போனில் புதுப் பக்கம் ஒன்று வந்தது.

பிரவுசரில் பழைய தேடல்களைப் பார்ப்பது எப்படி.

எழுந்து நடத்துநரிடம் போய், "அண்ணே, வேகமா போகச் சொல்லுங்களேன், கல்யாணம் நின்னுடும்" என்றேன். அவர் என் கழுத்தையும் கையையும் பார்த்துவிட்டு, "உங்களுக்காம்மா?" என்று கேட்டார். பேருந்தே திரும்பிப் பார்த்தது. ஏற்கெனவே ஒரு தடவை ரிஸ்வானாவின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டவள் நான். இன்னொரு தடவை நடந்தால் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

கடைக்குள் நுழைந்தபோது ஜமீலா ஒரு விவசாயிக்குத் தார்ப்பாயை அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"வாங்க டீச்சர். நாளைக்குத்தானே நிச்சயம்?"

"இந்தப் பக்கம் ஒரு வேலை... அன்னைக்கு உங்க கம்ப்யூட்டர்ல என் ஃபைல் ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரே நிமிஷம்."

"தாராளமா பாருங்க. டீ சொல்றேன்."

உட்கார்ந்தேன். பழைய பதிவுகளை அழிக்கும் இடத்துக்குப் போய், 'எல்லாக் காலமும்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருந்த அத்தனை கட்டத்திலும் டிக் போட்டு, அழி என்று அமுக்கினேன். என் கணக்கிலிருந்தும் வெளியேறினேன். சுத்தம். மின்விசிறிக் காற்று அப்போதுதான் என் மேல் பட்டது.

"முடிஞ்சுதா? தள்ளுங்க, கம்பெனிக்கு ஒரு ஆர்டர் போடணும்" என்று ஜமீலா வந்தார். பக்கத்தைத் திறந்தார். பெயரும் கடவுச்சொல்லும் தானாக நிரம்ப வேண்டிய இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. இன்னொரு கம்பெனியைத் திறந்தார். அதுவும் வெறுமை. வங்கி, வரி, கொரியர், எல்லாமே வெறுமை. அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடையின் சேமித்த கடவுச்சொற்கள் அத்தனையையும் நான் துடைத்துப் போட்டிருந்தேன். நாளைக்கு நிச்சயம் செய்யப்போகிற வீட்டின் வியாபாரம் என் ஒற்றை விரலில் படுத்துவிட்டது.

"நான்தான்..." என்று ஆரம்பித்தேன். டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

ஜமீலா எழுந்து சுவரில் தொங்கிய தேதி காலண்டரைத் திருப்பினார். பின்னட்டையில் அத்தனை கடவுச்சொற்களும் பேனாவால் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. (பாடம் எடுத்த எனக்குத்தான் எதையும் எழுதி வைக்கிற புத்தி இல்லை. மூன்று வருடமாக நான் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்களும் அதே அமுக்கலில் போய்விட்டன. அது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்த தனி இழவு.)

"இதை விடுங்க டீச்சர். அதை அழிச்சும் பிரயோஜனம் இல்லை. நாலு நாளாவே பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இ-ன்னு ஒரு எழுத்து தட்டினா, இம்தியாஸ் வழக்குன்னு தானா வருது."

"மன்னிச்சிடுங்க. ரிஸ்வானாவுக்கு எதுவும் தெரியாது. அவ தேட வேண்டாம்னுதான் சொன்னா. தப்பு முழுக்க என்னோடது. அவ கல்யாணத்தை நிறுத்திடாதீங்க."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து நீளமான பில் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "மொத்தம் நாப்பத்திரண்டு. எதுவும் விட்டுப்போகக் கூடாதேன்னு காலையில எப்படி எடுக்கறதுன்னு தேடி, எல்லாத்தையும் எழுதிட்டேன். தம்பிக்குப் போன் போட்டு ஒண்ணொண்ணா கேட்டாச்சு."

என் கேள்விகள். பக்கத்தில் பதில்கள்.

வழக்கு உண்டா? இல்லை. வேகமாக வண்டி ஓட்டியதற்கு ஒரு அபராதம், கட்டியாயிற்று. முதல் கல்யாணம்? இதுதான் முதல். தொப்பிக்குக் கீழே? முன்பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பெண்ணிடம் சொல்லியாயிற்று. கோபம் வருமா? வராது. நாத்தனார் குணம் தெரிந்துகொள்வது எப்படி என்பதற்கு மட்டும் கையெழுத்து அழுத்தமாக இருந்தது: கடைக்கு வந்து ஒரு டீ குடித்தால் போதும்.

டீயை ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கில் ருசியே தெரியவில்லை.

"நானும்தான் உங்க அத்தா பேரைத் தேடினேன். தம்பி விஷயமாச்சே, மனசு கேக்குமா? ஆனா ஒண்ணு டீச்சர்" என்று ஜமீலா குரலைத் தாழ்த்தினார். "இந்த நாப்பத்திரண்டுல, உங்க தங்கச்சிக்கு எங்க பையனைப் பிடிச்சிருக்கான்னு ஒரு கேள்விகூட இல்லையே? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். கட்டாயத்துல ஒரு பொண்ணு இந்த வீட்டுக்கு வர வேண்டாம்."

அங்கிருந்தே ரிஸ்வானாவைக் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறேன், என்ன செய்தேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

"பிடிச்சிருக்காடி?"

"பிடிச்சிருக்கு. ரெண்டு தடவை பேசினோம். மேல படிக்கணும்னு சொன்னேன். படிங்கன்னாரு."

"இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ எப்ப லாத்தா எங்கிட்ட கேட்ட?"

போனை ஜமீலாவிடம் கொடுத்துவிட்டுத் தார்ப்பாய்க் கட்டுகளுக்கு நடுவே நின்று அழுதேன். வெட்கம் தாங்கவில்லை. தார்ப்பாய் வாங்க வந்த விவசாயி விலையைக் கேட்டுத்தான் அழுகிறேன் என்று நினைத்து, "கொஞ்சம் குறைச்சுக் குடும்மா அவங்களுக்கு" என்று சிபாரிசு செய்தார்.

மறுநாள் நிச்சயம் நடந்தது. அதற்கும் மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "மிஸ், உங்க போன்லயே அழிச்சிருந்தா அந்தக் கடையிலயும் தானா அழிஞ்சிருக்குமே?" என்று கேட்டாள். அவளை உட்காரச் சொன்னேன்.

அந்த பில் தாள் இப்போது கீழ்வேளூரில் ரிஸ்வானாவின் பீரோவில் இருக்கிறது. படித்து முடித்து வேலைக்கும் போகிறாள். புருஷனோடு சண்டை வந்தால் அவரிடம் பேச மாட்டாள். அந்தத் தாளை எடுத்து, 'கோபம் வருமா? வராது' என்கிற வரியை மட்டும் போட்டோ பிடித்து, இரண்டு வீட்டாரும் இருக்கிற குடும்பக் குழுவில் போடுவாள். கீழே எனக்கு ஒரு வரி இருக்கும்.

"லாத்தா, ஊருக்கே தேடச் சொல்லிக் குடுக்குற. இந்த ஒண்ணை மட்டும் சரிபாக்காம விட்டுட்டியே."