எலும்புகளை எடுக்க மாட்டேன், மாமா

சரவணம்பட்டி,
18.1.1996.

மரியாதைக்குரிய தம்பிதுரை மாமாவுக்கு, சாந்தாமணி எழுதுவது.

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் உங்களிடம் "வாங்க மாமா", "காப்பி குடிங்க மாமா" என்பதற்கு மேல் பேசியறியாத நான், கடிதம் என்றதும் முழு நீளத் தாள் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் இருக்கிறது. கோபியில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள். வாழைத்தார் நல்ல விலைக்குப் போயிருக்கும். இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். எலும்புக்கூடுகளும் நலம்.

ஆமாம் மாமா, அவை திரும்பவும் வந்துவிட்டன. குடியரசு தினத்தன்று உங்கள் முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடத் திறப்பு விழாவில் நான் பலகையில் செய்த பொம்மைப் போர்க்களம் வைக்கப்படுமானால், எலும்புக்கூடுகளோடுதான் வைக்கப்படும். எடுத்துவிடு என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. எடுக்க மாட்டேன். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் இங்கே நடந்ததில் பாதியை அம்மா உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

தீபாவளிக்கு நாங்கள் கோபி வந்திருந்தபோது, டில்லியில் வாங்கிய பிளாஸ்டிக் டாங்க் பெட்டியை என் கையில் கொடுத்து, "பாலைவனத்துல சண்டை நடக்கறாப்பல ஒண்ணு செஞ்சுகுடு கண்ணு, நம்ம குடும்பத்துலயே மொதோ பி.ஏ. நீதான், அதுவும் ஹிஸ்டரி" என்றீர்கள். டாங்கை ஒட்டிவிட்டேன். அப்பா வேலைக்குப் போகும் பவுண்டரியிலிருந்து, இரும்பு வார்க்கும் அச்சுக்குப் போடுகிற மோல்டிங் மண் கொண்டுவந்தார், அது கறுப்பாக இருந்ததால் பாதி ஆற்றுமணலைக் கலந்து கேரம்போர்டு அளவுப் பலகையில் பாலைவனமும் ஆயிற்று. அதற்கு மேல் கை ஓடவில்லை. சண்டை நடக்கும் நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது மாமா. பரீட்சையில் எல்லாப் போருக்கும் கடைசியாக "இரு தரப்பிலும் பெருத்த உயிர்ச்சேதம் ஏற்பட்டது" என்று எழுதுவேன். எந்தப் போருக்கும் பொருந்தும், எந்த வாத்தியாரும் சிவப்பு மையால் அடிக்க மாட்டார். அந்த வரிக்குள் இருந்தவர்களைச் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, டாங்க் துருப்பிடித்து மணலில் பாதி புதைந்திருக்கிறது, அதைச் சுற்றி யாரும் வந்து எடுக்காத ஐந்து பேர். கை காலுக்கு ஈர்க்குச்சி, விலாவுக்குப் பசையில் நனைத்து வளைத்த நூல், தலைக்குப் பெரிய ஜவ்வரிசி, கண்ணுக்குச் சுட்ட ஊசியால் இரண்டு துளை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. முதலில் மைதாப் பசை போட்டது என் தப்பு. மறுநாள் காலையில் அடுப்படிச் சுவரில் எறும்புகள் ஒரு மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அப்படி ஒரு ராணுவ மரியாதையை நான் பார்த்ததே இல்லை. பிறகு ஃபெவிகாலில் ஒட்டி நகப்பூச்சு அடித்தேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் பேசி முடித்த சென்னிமலை ஜமுக்காளக் கடைக்காரர்கள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம் என்றால் டாங்க் இடித்தது; அதனால் மேசைமேல் வைத்துத் துண்டால் மூடினோம். மாப்பிள்ளை தீபக்கின் அம்மா சென்னியம்மாள் உட்கார்ந்ததும் வியர்வை துடைக்க அந்தத் துண்டையே எடுத்தார். எடுத்தவர் எடுத்தபடியே எழுந்துவிட்டார். அப்பா அவசரமாக, "டாக்டருக்குப் படிக்கற புள்ளைங்களுக்கு இப்புடித்தானுங்க செஞ்சு காட்டுவாங்க" என்றார். "புள்ள ஹிஸ்டரின்னுதானுங்களே சொன்னீங்க?" என்றார் அவர். அதற்குள் அம்மா எல்லோர் கையிலும் பாயசத்தைக் கொடுத்துவிட்டார். சென்னியம்மாள் ஒரு வாய் குடித்துச் சற்றே சமாதானமாகி, என்னைப் பேச வைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், "ஏம்மணி, தலையெல்லாம் இத்தன வெள்ளையா, வழுவழுனு இருக்குதே, எதுல செஞ்சே?" என்று கேட்டார். வந்தவர்கள் கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "ஜவ்வரிசிங்க" என்றேன்.

நாலு டம்ளர் ஒரே நேரத்தில் கீழே வைக்கப்பட்டன மாமா. பாயசமும் ஜவ்வரிசிப் பாயசம்தான். மாப்பிள்ளை மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து, "இவருக்கு இந்தப் பக்கம் ஒரு எலும்பு கொறையுதுங்களே?" என்று கேட்டார். "குண்டு பட்டுருச்சுங்க" என்றேன். அதுதான் எங்களுக்குள் நடந்த முழுப் பேச்சுவார்த்தை. "நல்ல நாளும் அதுவுமா எளவு ஊட்டுக்கு வந்தாப்பல ஆகிப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அம்மா செருப்பை மாட்டினார்.

அன்று மாலையே அம்மா பூத்திலிருந்து உங்களுக்குப் போன் செய்தார். நீங்களும் "மொதல்ல அதுகள எடுத்துப்போடச் சொல்லுக்கா" என்று உத்தரவிட்டீர்கள். எடுத்தாயிற்று. எங்கே போடுவது? அப்பா குப்பையைக் காட்டினார். "தலையும் கையும் காலும் இருக்குது. குப்பைல கொட்டச் சொல்றீங்களா?" என்று அம்மா சண்டைக்குப் போய்விட்டார். அப்படியானால் அடுப்பில் போடு என்றார் அப்பா. பக்கத்து வீட்டு டெய்சி அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, டாங்க் பொட்டில வெள்ளக்காரன் படமுங்க இருக்குது. எங்காளுங்களா இருந்தாலும் இருப்பாங்க, எரிச்சுப்போடாதீங்க" என்றார். "பொட்டி மேல இருக்கற படத்தை வெச்சு மதம் கண்டுபுடிக்கற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். செஞ்சவளையே கேளுங்க" என்று அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, இவங்கெல்லாம் எந்தூர்க்காரங்க?"

"தெரியலீங்கப்பா. எலும்பான பொறவு அதெல்லாம் தெரியாதுங்க."

அம்மா கையிலிருந்த முறத்தைப் பார்த்தார். ஐந்து பேரும் அதில்தான் கிடந்தார்கள். "அப்ப இவங்க ஊட்டுக்குச் சேதி போயிருக்காதா?" என்று கேட்டார்.

அம்மா உள்ளே போய், சென்னியம்மாளுக்கு வைத்துக் கொடுக்க வாங்கியிருந்த ரவிக்கைத் துணியைக் கிழித்து ஐவரையும் சுற்றி, கறிவேப்பிலைச் செடி ஓரம் குழி தோண்டச் சொன்னார். அம்மா பால் ஊற்றினார், டெய்சி அக்கா ஜெபம் சொன்னார், அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எல்லோரும் தலைக்குக் குளித்தோம். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அம்மா மூன்று நாள் கோயிலுக்குப் போகாமல், பூக்காரம்மாவிடம் "ஊட்டுல ஒரு காரியமுங்க" என்று சொல்லிவிட்டார். அது தெருக்கோடி வரை போய், மில்லுக்குப் போகிற அழகிரிசாமி அண்ணன் துக்கம் கேட்க வந்து, யார் போனது என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, "வயசானவங்களுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, எளவயசு" என்றார் அப்பா.

பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது பலகையில் வெறும் மணலும் டாங்கும் இருந்தன. நீங்கள் அதில் ஒரு காகிதக் கொடியை நட்டு, தள்ளி நின்று பார்த்து, "இப்பத்தான் அம்மணி ஜம்முனு இருக்குது. எலும்பையும் கிலும்பையும் வெச்சா எவன் பட்டாளத்துக்கு வருவான்?" என்றீர்கள். நான் "காப்பி குடிங்க மாமா" என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லாமல் காப்பியைக் கொடுத்துவிட்டேனே என்றுதான். பதில் இதோ. வருகிறவன் வரட்டும், பார்த்துவிட்டு வரட்டும். பார்த்தும் வருகிறவன்தான் உங்களைப் போல இருபது வருடம் இருப்பான். கொடி பிடித்து நிற்கிறவர்களுக்கு உங்கள் சங்கத்துச் சுவரெல்லாம் படம் இருக்கிறது. ஜவ்வரிசித் தலைக்காரர்களுக்கு என் பலகையில் ஒரு சாண் மணல் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றும் எழுதுகிறேன்; தப்பாக இருந்தால் இந்தத் தாளை மட்டும் கிழித்துவிடுங்கள். அதே தீபாவளியன்று ஊரில் சரவெடி ஆரம்பித்ததும் நீங்கள் தோப்புக்குப் போய் மோட்டார் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு மோட்டாரை ஓடவிட்டீர்கள். "மாமா தண்ணி கட்டறாருங் கண்ணு" என்றார் அத்தை. முந்தின நாள்தான் நல்ல மழை. வாழைக்குத் தண்ணீர் தேவைப்படவே இல்லை. வெடிச் சத்தம் அடங்கிய பிறகுதான் மோட்டார் நின்றது. நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் அப்படி ஒருவர், போர்க்களம் என்றால் கொடியும் டாங்கும்தான் என்று எனக்குச் சொன்னால் நான் நம்ப மாட்டேன் மாமா.

ஆகவே முடிவாக: டாங்க் உங்களுடையது, வேண்டுமானால் பெயர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மண் பவுண்டரிக்குத் திரும்பிவிடும். எலும்புகள் என்னுடையவை. புதிதாக ஐந்து பேரைச் செய்துவிட்டேன், அம்மா இந்த முறை பசையைக் கலக்கிக் கொடுத்தார். இனி அவர்களைத் தொட யாரையும் விடமாட்டேன். நீங்களானாலும் சரி, சங்கத் தலைவரானாலும் சரி, கலெக்டரே திறந்து வைக்க வந்தாலும் சரி. கல்யாணமா, சென்னிமலை இல்லாவிட்டால் வேறு மலை.

அத்தைக்கு என் அன்பு. நீங்கள் கோபமாக இருந்தால் கோபத்தோடேயே பதில் போடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீம்புக்காரி என்று இனிமேல் நீங்கள் சொல்லப்போகும் மருமகள்,
சாந்தாமணி

பின்குறிப்பு: யாரையும் தொட விடமாட்டேன் என்று எழுதியது முழுக்கச் சரியில்லை. நாலு பேரைக் கிடத்திவிட்டேன். ஐந்தாமவர் இன்னும் தீப்பெட்டியில்தான் இருக்கிறார். டாங்க் சக்கரத்துக்குப் பக்கத்தில் அவரை எப்படி எப்படியோ படுக்க வைத்துப் பார்த்துவிட்டேன், எப்படி வைத்தாலும் தூங்குகிறவர் போலவே இருக்கிறது. கை எந்தப் பக்கம் கிடக்கும், முகம் எங்கே பார்த்திருக்கும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்களுக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறி வந்து, அவரை மட்டும் நீங்களே கிடத்திக் கொடுங்கள் மாமா.