கடைசி வண்டிக்காரனின் ஆரஞ்சு கோட்டு

“…கோட்டு இல்லாம வந்தா நீங்க யாரோ, நான் யாரோ. வழி அந்தப் பக்கம். போயிட்டே இருங்க.”

கல்யாணமாகிப் பதிமூன்று வருடம் கழித்து, ரெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு முக்கு ரோட்டில், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டு என் மனைவி வசந்தி என்னிடம் சொன்னது இது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அன்றைக்கு நடந்த தப்பு மொத்தமும் என் பேருக்குப் பட்டா போட்டது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பெரம்பலூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. (ஒரு பக்கம் நகல் எடுக்க வருகிறவர் அவர் ஊர், உறவு, வழக்கு எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போக முடியும். நான் விட மாட்டேன்.) வசந்தி அரும்பாவூரில் டீச்சர். தினமும் பைக்கில் போய்வருகிறவள். வண்டியில் அவள் கை எப்படியோ அப்படி என் வாய்.

மெக்கானிக் கனி பாய் ஒரு பைக் குழு ஆரம்பித்தார். புதியவர்களுக்கான முதல் பயணம், ஒரு சனிக்கிழமை காலை, பன்னிரண்டு வண்டி. பெரம்பலூரில் கிளம்பி, அரியலூரில் டீ குடித்து, ஜெயங்கொண்டம் பக்கம் போவதாகத் திட்டம். கிளம்புவதற்கு முன் பாய் சட்டம் வாசித்தார்.

“ஒரு வண்டி இடது ஓரமாப் போனா அடுத்த வண்டி கொஞ்சம் பின்னால வலப்பக்கமாப் போகணும். யாரும் யாரையும் முந்தக் கூடாது. திருப்பம் வந்தா, எனக்கு அடுத்தாப்ல வர்ற ஆளு ஓரங்கட்டிட்டு, எந்தப் பக்கம்னு கையை நீட்டிக் காட்டணும். ஆரஞ்சு கோட்டு போட்ட கடைசி வண்டி வர்ற வரைக்கும் அங்கேயேதான் நிக்கணும். மழை வந்தாலும் சரி, மாமியா வந்தாலும் சரி. வழக்கமா கடைசியில வர்றவருக்குக் காய்ச்சல். இன்னிக்கு யாரு…”

அவர் முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். கோட்டில் பளபளவென்று பட்டை இருந்தது. அது ஒன்றுதான் காரணம்.

“தம்பி, சும்மா இல்ல. கை காட்டி நிக்கிறவங்க அத்தனை பேரும் உங்களை நம்பித்தான் நிப்பாங்க.”

“விடுங்க பாய். பின்னாடியே வர்றதுதானே. தாலி கட்டின நாள்ல இருந்து அதைத்தான் செஞ்சிட்டு வரேன்.”

எல்லோரும் சிரித்தார்கள், வசந்தியைத் தவிர. அவள் தன் செல்போனையும் தண்ணீர் பாட்டிலையும் என் பையில் போட்டாள். “என் வண்டியில வைக்க எடமில்ல. நடுவுல எங்கயும் கதை பேச நின்னுடாதீங்க,” என்றாள்.

அரியலூர் டீக்கடைக்காரருக்குச் சொந்த ஊர் பூலாம்பாடி. எனக்கு அது போதும். அவருடைய அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக் கதை பாதியில் இருந்தபோது, தூரத்தில் பாய் கட்டைவிரலை உயர்த்தி, ‘தயாரா?’ என்று கேட்டார். நான் டீ டம்ளரோடு கட்டைவிரலை உயர்த்தினேன். பாகப்பிரிவினை முடிந்து திரும்பிப் பார்த்தால் ரோடு காலி.

பதறிப்போய் விரட்டினேன். கொஞ்ச தூரத்தில், அப்பாடா, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வண்டி. ஒன்று இடது, ஒன்று வலது, அளவெடுத்த மாதிரி இடைவெளி. எல்லோர் முதுகிலும் ஆரஞ்சு கோட்டு.

இந்த இடத்தில் மூளை உள்ளவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வந்தது கோபம். நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் எல்லோருக்கும் கோட்டு கொடுத்துவிட்டார்களே, அப்புறம் எனக்கென்ன மரியாதை? அவர்கள் மெயின் ரோட்டை விட்டு இடப்பக்கம் திரும்பினார்கள். திருப்பத்தில் கை காட்ட யாரும் நிற்கவில்லை. ‘என்ன ஒழுங்கு இது, பாயிடம் சொல்ல வேண்டும்’ என்று குறைபட்டுக்கொண்டே நானும் திரும்பினேன்.

வரிசை ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றது. சிமெண்ட் ஆலை. காலை வேலைக்கு வந்தவர்கள். எனக்குப் பின்னாலும் நாற்பது வண்டி வந்து அடைத்துக்கொண்டது.

“எந்த கான்ட்ராக்ட்?” என்றார் செக்யூரிட்டி.

“பெரம்பலூர் பைக் குழுங்க. கடைசி வண்டி நான்தான்.”

“கடைசியா வந்தா அரை நாள் போச்சு. கார்டு எங்க?”

விளக்கினேன். நான் விளக்க விளக்க அவர் முகத்தில் சந்தேகம்தான் வளர்ந்தது. அப்போது பைக்குள் வசந்தியின் செல்போன் அடித்தது. பாய்.

“வசந்திம்மா, எங்க இருக்கீங்க? இன்னும் ரெண்டு பேரையும் காணோமே.”

“பாய், நான்தான்.”

“அவங்க போன் உங்ககிட்டயா? தம்பி, அந்தப் பிள்ளையை முக்குல நிறுத்திட்டு வந்து முக்கா மணி நேரமாச்சு. கல்லு ஏத்தின லாரியெல்லாம் திரும்புற எடம் அது. நீங்க தாண்டலியா?”

சித்திரை வெயில். அவள் போன் என்னிடம். அவள் தண்ணீர் என்னிடம். யார் கூப்பிட்டாலும் நகர மாட்டாள், அவளை எனக்குத் தெரியும். கண்ணுக்குள் லாரி லாரியாகத் திரும்பியது.

வண்டியைத் திருப்பினேன். செக்யூரிட்டி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். “கோட்டைக் கழட்டி வச்சிட்டுப் போங்க. உள்ள இருந்து எடுத்துட்டுப் போனா என் வேலை போயிடும்.”

“இது எங்க பாயோடதுங்க.”

“அப்ப பாயைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கங்க.”

கழற்றி வீசினேன். நாற்பது வண்டிகளுக்கு நடுவே, நாற்பது பேரிடமும் திட்டு வாங்கி வெளியே வந்து, மெயின் ரோட்டைப் பிடித்து முறுக்கினேன்.

முக்கு தெரிந்தது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு லாரி நின்றது. அதற்குப் பின்னால் ஏழெட்டு லாரி. சுற்றிலும் கூட்டம். வசந்தியின் வண்டி ஓரமாக இருந்தது. அவளைக் காணவில்லை.

என் வண்டியை ஸ்டாண்ட் போட்டேனா, கீழே போட்டேனா, தெரியாது. கூட்டத்தில் ஒருவரைப் பிடித்து, “என்னங்க ஆச்சு?” என்று கேட்டேன்.

“செக்கிங்ங்க. மேலதிகாரி போல. லேடீஸ். ஒரு மணி நேரமா அசையாம நிக்கிறாங்க, ஒரு வார்த்தை பேசல. தார்ப்பாய் கட்டாத வண்டியெல்லாம் கட்டிக்கிட்டு இருக்கு.”

லாரியைச் சுற்றி ஓடினேன். அந்தப் பக்கம் என் மனைவி நின்றாள். ஹெல்மெட், வெள்ளைக் கையுறை, தோளுக்கு நேராக நீட்டிய வலது கை. முகம் செங்கல் சூளை நிறத்தில் இருந்தது. எதிரே ஒரு டிரைவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே, “இந்த ஒரு தடவை விட்டுருங்க மேடம்,” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் கல்யாணமோ காதுகுத்தோ, நான் போய்ச் சேர்ந்ததும் வசந்தியின் தம்பி முதலில் என் மார்பைத்தான் பார்க்கிறான். “கோட்டு எங்க மாமா?” என்பான். பந்தியில் இலை போடுகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரியாது, அன்றைக்கு அவள் உயிரோடு நின்றதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன் என்பது.

“வசந்தி, நான் வந்துட்டேன். வா, போவலாம்,” என்றேன்.

அவள் கை இறங்கவில்லை. என் மார்பை ஒரு தடவை பார்த்தாள். “ஆரஞ்சு கோட்டு வர்ற வரைக்கும் நிக்கணும்னு பாய் சொல்லியிருக்காரு. கோட்டு இல்லாம வந்தா நீங்க யாரோ, நான் யாரோ. வழி அந்தப் பக்கம். போயிட்டே இருங்க.”

“ஏய், அதை அங்க கேட்ல வாங்கி வச்சுக்கிட்டாங்கடி.”

அவள் என் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். நின்றபடி முழுப் பாட்டிலையும் குடித்தாள். காலி பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, மறுபடியும் கையை நீட்டினாள். இந்தத் தடவை ஜெயங்கொண்டம் பக்கம் இல்லை, நான் வந்த வழிப் பக்கம்.