தரகர் தாண்டாத வாசல்

சிந்துபூந்துறையில் இருக்கும் எங்கள் வீட்டை விற்கலாம். ஆனால் எந்தத் தரகனும் அதன் வாசலைத் தாண்டக் கூடாது. சென்ற ஆனி மாதம் இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். நானே வழிமொழிந்தேன். என் மனைவி சுடலைவடிவு அந்நேரம் மீன் வாங்கப் போயிருந்தாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. என் ஆயுளில் பெரும்பகுதியை ஆலைத் தொழிற்சங்கத்துக்குக் கொடுத்தவன் நான். பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லித் தராததை எல்லாம் துண்டுப் பிரசுரங்கள் சொல்லித் தந்தன. பிறகு நானே எழுதினேன். ‘இடைத்தரகரை ஒழிப்போம்’ என்று அச்சடித்து ஜங்ஷனில் நின்று விநியோகித்தேன். பாதிப் பேர் அதில் வடையை வைத்து எண்ணெய் பிழிந்தார்கள். அந்த வடையைச் சுட்டவனும் உழைப்பாளிதான் என்று பொறுத்துக்கொண்டேன். அப்படிப்பட்டவன் வீட்டைத் தரகன் விற்றால், வரலாறு என்னை மன்னிக்குமா?

விற்க வேண்டிய கட்டாயம் ஆற்றினால் வந்தது. மார்கழி வெள்ளத்தில் தாமிரபரணி ஜன்னல் மட்டத்துக்கு வீட்டுக்குள் வந்துவிட்டது. விடியும்வரை மொட்டை மாடியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் வடிவு. அதிலிருந்து, தூறல் விழுந்தாலே படுக்கையை விட்டு எழுந்துவிடுவாள்.

“இன்னொரு ஐப்பசி மழையை இந்த வீட்டுல இருந்து பாக்க என்னால முடியாது. பெருமாள்புரம் மேட்டுல ஒரு வீடு போதும் எனக்கு.”

இதை மறுக்க என்னிடம் பிரசுரம் எதுவும் இல்லை. தவிர, வீடு அவள் பெயரில் இருக்கிறது. அது ஒரு நிர்வாகச் சிக்கல். கொள்கைப் பிரச்சினை அல்ல.

எனவே, வீட்டை நேரடியாக மக்களிடம் விற்பதற்கு நானே ஒரு பிரசுரம் எழுதினேன். முதல் பக்கம், நிலவுடைமையின் தோற்றம். இரண்டாம் பக்கம், தரகு முதலாளிகளின் சூழ்ச்சி. மூன்றாம் பக்கத்தின் அடியில் எங்கள் முகவரி. ஊரெல்லாம் கொடுத்தேன். வீடு தேடி வந்தவர் ஒரே ஒருவர். பழைய தோழர். இரண்டாம் பக்கத்தில் எழுத்துப் பிழை இருப்பதைச் சொல்ல வந்தார்.

ஆவணி பிறந்ததும் வடிவு வாயைத் திறந்தாள்.

“புரோக்கர் ஒருத்தரைப் பேசி முடிச்சிட்டேன்.”

“யாரைக் கேட்டுப் பேசினே?”

“தீர்மானம் போடும்போது நீங்க யாரைக் கேட்டிய?”

“வாசலைத் தாண்டினானா?”

“இல்ல. எதுத்த டீக்கடையில வச்சுத்தான் பேசினேன். மூணு பேரைக் கூப்பிட்டேன். எல்லார்ட்டயும் ஒரே கேள்விதான். ‘இந்த வீட்டுல என்ன குறை’ன்னு கேட்டேன். மொத ஆளு, குறையே இல்லம்மான்னான். வெளிச் சுவத்துல வெள்ளக் கறை அப்படியே இருக்கு, அதைப் பாத்துக்கிட்டே சொல்லுதான்! டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புன்னுட்டேன். ரெண்டாவது ஆளு, வாசல் தெக்கப் பாக்கு, இடிச்சுக் கட்டினாத்தான் விக்கும்னான்.”

“மூணாவது?”

“ஜெய்சன்னு ஒரு தம்பி. பாளையங்கோட்டையில ஆபீஸ் வச்சிருக்கு. வெள்ளம் வந்ததை மறைக்க வேண்டாம்மா, சொல்லியே விப்போம்னுச்சு. நல்ல வீடு, குறை ஒண்ணே ஒண்ணுதானாம்.”

“என்ன குறை?”

“நீங்க.”

“நானா?”

“உள்ளதைச் சொல்லுதானேன்னு அவனையே முடிச்சிட்டேன்.”

அந்த நிமிடமே காலவரையற்ற உண்ணாவிரதத்தை அறிவித்தேன். இடம், எங்கள் வாசல். கோரிக்கை ஒன்றுதான்: தரகர் எவரும் இந்த வாசலைத் தாண்ட மாட்டார் என்று எழுத்து மூலம் உறுதி வேண்டும்.

“என்னைக்கு இருக்கிய?” என்றாள்.

“ஞாயித்துக்கிழமை.”

“அப்ப சனிக்கிழமை ராத்திரி சொதி வைக்கேன். நல்லாச் சாப்பிட்டுட்டு இருங்க. வெறும் வயித்துல உண்ணாவிரதம் இருந்தா மயக்கம் வரும்.”

ஞாயிறு காலை வாசலுக்கு வந்தவன் திகைத்து நின்றேன். சாமியானா போட்டிருந்தது. நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மைக் வேறு. “வெயில்ல விழுந்து கெடந்தா யாரு தூக்க?” என்றாள் வடிவு. போராளியின் மனைவி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கண் கலங்கினேன்.

எங்கள் சங்கத்தின் கடைசி வாயிற்கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். அதில் மூவர் சாதாரண உடையில் வந்த போலீஸ்காரர்கள். இன்றோ, வெயில் ஏறுவதற்குள் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சிலர் காரில் வந்தார்கள். நடுத்தர வர்க்கம் விழித்துக்கொண்டது என்று புரிந்துகொண்டேன். அந்த ஜெய்சன் எதிர்க்கடையில் டீ குடித்தபடி நின்றான். எங்கள் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. போராட்டத்தின் முதல் வெற்றி.

மைக்கைப் பிடித்தேன்.

“தோழர்களே! இந்த வீட்டுக்கு எதற்குத் தரகன்? இதன் செங்கல்லைச் சூளையில் நின்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பொறுக்கியவன் நான். கதவு, ஜன்னல் எல்லாம் தேக்கு. கிணறு எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. வெள்ளம் வந்தது, மறைக்கவில்லை, ஜன்னல் வரை வந்தது! ஒரு சுவரில் விரிசல் உண்டா? ஒரு கதவு உப்பியதுண்டா? என் சொல்லை நம்ப வேண்டாம். உள்ளே போய்ப் பாருங்கள்!”

போய்ப் பார்த்தார்கள். ஒருவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். ஓர் அம்மாள், “அடுக்களை எங்கன இருக்கு?” என்று கேட்டுக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். ஓர் இளம் தம்பதி, பீரோவை எந்த அறையில் வைப்பது என்று சண்டையே போட்டார்கள். மக்கள் ஒரு போராட்டத்தைத் தமதாக்கிக்கொள்ளும்போது இப்படித்தான் நடக்கும். இவர்கள் வருவார்களென்று எத்தனை ஆலை வாசல்களில் காத்திருந்தேன்! இப்போதாவது வந்தார்களே.

மாலையில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் எலுமிச்சைச் சாறுடன் என் முன் வந்து நின்றார். இதில் ஒரு மரபு உண்டு. கோரிக்கை ஏற்கப்பட்டால்தான் சாறு. சாற்றைக் குடித்தபின் அதே பிரச்சினையை மறுபடி கிளப்பக் கூடாது. கிளப்புகிறவன் துரோகி. எங்கள் சங்கத்தில் இந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான்.

“கோரிக்கை என்னாச்சு?” என்றேன், தம்ளரைத் தொடாமல்.

வடிவு மைக்கை வாங்கினாள். “கோரிக்கையை அப்படியே ஏத்துக்கிடுதோம். தரகர் ஒருத்தரும் வாசலைத் தாண்ட மாட்டாவ. இந்தா, எழுதியும் வச்சிருக்கேன்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. குடித்தேன். வெற்றியின் சுவை கொஞ்சம் புளிப்புத்தான்.

“பெரியவர் யாருன்னு தெரியலையே?”

“நான் ஷேக் மைதீன், அண்ணாச்சி. மேலப்பாளையத்துல மரக்கடை வச்சிருக்கேன். தேக்குன்னு சொன்னியள்லா, தட்டிப் பாத்தேன். அசல் தேக்குதான். அட்வான்சை அம்மாட்ட குடுத்துட்டேன்.”

“எதுக்கு அட்வான்ஸ்?”

“வீட்டுக்குத்தான்.”

நான் வடிவைப் பார்த்தேன். “ஏட்டி, அப்ப இந்தக் கூட்டம்?”

“வீடு பாக்க வந்தவிய. ஜெய்சன் தம்பிதான் அனுப்புச்சு.”

“அவன் வாசலைத் தாண்டக் கூடாதுன்னுதானே...”

“தாண்டலையே! காலையில இருந்து டீக்கடையில தானே நிக்கான். உங்க கோரிக்கையை யாராவது மீறினாவளா, சொல்லுங்க?”

யாரும் மீறவில்லை. அதுதான் கொடுமை. துரோகி என்ற சொல் தொண்டையில் வந்து நின்றது. சாறு அதற்கு முன்பே இறங்கியிருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. வடிவு அண்ணாந்து அதைப் பார்த்தாள். வெள்ளத்துக்குப் பிறகு முதல் முறையாக, மேகத்தைக் கண்டு அவள் முகம் மாறவில்லை. அதைப் பார்த்ததும், கேட்க நினைத்த கேள்விகளை விட்டுவிட்டேன்.

அப்போது எதிர்க்கடையிலிருந்து, ஓர் அடியும் முன்னே வைக்காமல், ஜெய்சன் சத்தம் போட்டான்.

“தோழர்! தச்சநல்லூர்ல ஒரு வீடு ஒரு வருசமா விக்காமக் கெடக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை அங்க வந்து உண்ணாவிரதம் இருப்பியளா?”

நான் நிமிர்ந்து, பதில் சொல்ல மூச்சை இழுத்தேன். மைக் இன்னும் வடிவின் கையில்தான் இருந்தது.

“வருவாவ, தம்பி. காரு மட்டும் அனுப்பிருங்க.”