கேரவனில் கேஸ் வரவில்லை

2017 மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, யார்க்‌ஷர் கடலோரம் ஃபைலிக்கு வடக்கே ஒரு பண்ணைப் புல்வெளியில் விடுமுறைக்கு வந்த பதினான்கு கேரவன்கள் நின்றிருந்தன. பதின்மூன்றில் ஃபிரிட்ஜ் வேலை செய்தது.

பதினான்காவது கிளிஃபர்ட் ஸ்டாக்டேலுடையது. லீட்ஸ் நகரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் அந்தப் பழைய கேரவனை மனைவி மேவிஸைக் கேட்காமலே வாங்கியிருந்தார். மேவிஸ் சண்டை போடவில்லை.

"ஒரு வாரம் வந்து பாக்கறேன். பிடிக்கலேன்னா வித்துடணும்."

கிளிஃபர்ட் ஒப்புக்கொண்டார். அந்த வாரம் இதுதான்.

புல்வெளியில் மின்சாரம் கிடையாது. ஃபிரிட்ஜ், அடுப்பு, வெந்நீர், ஹீட்டர் எல்லாம் ஒரே சிலிண்டரை நம்பியிருந்தன. கேஸ் சுடரால் ஓடும் அந்த ஃபிரிட்ஜ் மட்டும் பற்றிக்கொள்ள மறுத்தது. அதற்குள் ஒரு வாரத்துக்கான இறைச்சியும் பாலும் இருந்தன.

"வண்டி சாஞ்சு நிக்குது. கேஸ் ஃபிரிட்ஜுக்கு அது ஆகாது" என்று கிளிஃபர்ட் ஒரு சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்தார். வண்டி மறுபக்கம் சாய்ந்தது. கதவு தானாகத் திறந்துகொண்டது. ஃபிரிட்ஜ் அப்படியே இருந்தது.

அந்த மாதிரி இடங்களில் ஒருவர் வண்டியருகே மண்டியிட்டால் போதும். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத ஆண்களெல்லாம் தேநீர்க் கோப்பையோடு வந்து சூழ்ந்துவிடுவார்கள்.

"சிலந்திதான்" என்றார் பக்கத்து வண்டி லெனார்ட், பார்ன்ஸ்லிக்காரர். "குளிர்காலத்துல பர்னருக்குள்ள கூடு கட்டியிருக்கும்."

"கேஸுக்குள்ளயா?"

"அதுக்கு அந்த வாசனைதான் பிடிக்கும்ப்பா. லீட்ஸ்காரனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

கூடு இருந்தது. கிளிஃபர்ட் சைக்கிள் பம்பால் ஊதினார். சிலந்தி போனது, புகைக்குழாயிலிருந்த கரியெல்லாம் பர்னர் மேல் விழுந்தது. ஃபிரிட்ஜ் பற்றியது, நீலமாக அல்ல, மஞ்சளாக. சற்று நேரத்தில் விஷவாயு அலாரம் அலறியது. புல்வெளியே எழுந்து வந்து பார்த்தது. கிளிஃபர்ட் ஃபிரிட்ஜை அணைத்தார்.

மேவிஸ் கோட்டை மாட்டிக்கொண்டார். "நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் கோட்டில் கடையில் வறுத்த மீனும் வினிகரும் மணத்தன.

மறுநாள் லெனார்ட் புதிய முடிவோடு வந்தார். "சிலிண்டர்லேர்ந்தே கேஸ் சரியா வரல. கழட்டிப் பாரு."

கிளிஃபர்ட் ஸ்பேனரைப் போட்டு முழுப் பலத்தோடு திருப்பினார்.

"என்னப்பா, கழட்டறியா இறுக்கறியா?"

"காலம் பூரா நட்டு கழட்டினவன் நான்."

"பஸ்ஸுல. கேஸ் நட்டை எதிர்ப்பக்கம் திருப்பணும்."

அதற்குள் மரை போயிருந்தது. சோப்புத் தண்ணீர் தடவினார்கள். நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. லெனார்ட் சிலிண்டரை மூடினார். இப்போது அடுப்பும் இல்லை, வெந்நீரும் இல்லை, ஹீட்டரும் இல்லை.

"அப்ப டீ?" என்று கேட்டார் பின்னால் நின்ற ஒருவர். லெனார்ட் மூடிய சிலிண்டரைக் காட்டினார். கேட்டவர் தொப்பியைக் கழற்றினார்.

கெட்டுப்போவதற்குள் யாராவது சாப்பிடட்டும் என்று மேவிஸ் இறைச்சியை அக்கம்பக்கத்து வண்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டு போனார். மாலையில் லெனார்டின் மனைவியோடு கைகோத்துச் சிரித்தபடி வந்தவர், கிளிஃபர்டைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அதையே வண்டியை விற்றுவிட வேண்டும் என்ற தீர்ப்பாக எடுத்துக்கொண்டார் கிளிஃபர்ட்.

பணியிலிருந்த காலமெல்லாம் அவர் ஒரே தடத்தில், ஒரே நிறுத்தங்களில் நின்று நின்று வண்டி ஓட்டியவர். பலகை வைக்காத இடத்தில் ஒரு தடவையாவது நிறுத்த வேண்டும் என்பதற்கு மேல் இந்தக் கேரவனிடம் அவர் எதையும் எதிர்பார்த்ததில்லை. அதை மேவிஸிடம் சொன்னதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்கார்பரோ போய்ப் புது ரெகுலேட்டரும் குழாயும் வாங்கிவந்தார். எதிர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். சோப்புத் தண்ணீர் குமிழ் விடவில்லை. கரியைத் துடைத்தார், கட்டையை அளவு பார்த்து வைத்தார். புதன்கிழமை மதியம் எல்லாமே பற்றிக்கொண்டன. அத்தனை சுடரும் நீலம்.

"மேவிஸ்! இங்க வந்து பாரேன்!"

மேவிஸ் வந்தார். அடுப்பைப் பார்த்தார். ஃபிரிட்ஜைத் திறந்து, கையை உள்ளே நீட்டிப் பார்த்தார்.

"குளிருது" என்றார்.

"இனிமே ஒரு குறையும் இல்ல. மூணு வேளையும் சூடாச் சாப்பிடலாம்."

"ஆமா."

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கிளிஃபர்ட் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அது கூவத் தொடங்கியபோது, புல்வெளியைக் கவனித்துக்கொள்ளும் பண்ணைக்காரரின் மகள் ரோவீனா எட்டிப் பார்த்தார்.

"மிஸ்டர் ஸ்டாக்டேல், ஆகஸ்டுக்கு இந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடலாம்ல?"

"எந்த ஆகஸ்ட்?"

"உங்க வீட்டுக்காரம்மா நேத்து வந்து மாசம் முழுசுக்கும் பிடிச்சு வெச்சாங்களே. கல்யாணமானதுலேர்ந்து அடுப்பு பக்கமே போகாம ரெண்டு நாள் இருந்தது இதுதான் முதல் தடவைன்னு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படிச் சொன்னாங்க."

"அப்புறம் என்ன?"

"இப்பத்தான் வந்து வேண்டாம்னுட்டாங்க. அடுப்பு சரியாயிடுச்சாம்."