சஷ்டி விரதமும் வெப்பக் கமராவும்

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்துக்கு லேசர் இறக்குவது சுகம். அந்த லேசருக்கு முன்னால் இருந்து வேலை செய்ய இரண்டு பட்டதாரிகளை இறக்குவதுதான் பெரும்பாடு. லேசருக்கு அப்பா அம்மா இல்லை. "உது நிரந்தர வேலையோ, பென்சன் கிடக்கோ?" என்று அது கேட்காது. கனடாவில் இருக்கும் மாமாவோடு கதைத்துவிட்டு அடுத்த கிழமை முடிவு சொல்கிறேன் என்று எழும்பிப் போகவும் போகாது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய 'நானோ அளவு வெப்பக் கடத்தல் ஆய்வுகூட'த்தில் ஆய்வு உதவியாளன். ஒரு தலைமயிரை ஆயிரம் பங்காகக் கிழித்தால் வரும் ஒரு பங்கின் தடிப்புள்ள படலத்துக்குள் வெப்பம் எப்படிப் போகிறது என்று அளப்பதுதான் எங்கள் வேலை. (உங்கள் போன் ஏன் சுடுகிறது என்று கேட்டால் விளக்கம் தருவோம். திருத்தித் தரமாட்டோம்.) ஆய்வுகூடத்தில் மொத்தம் இரண்டு பேர். பேராசிரியர் சிந்திப்பார். மிச்சம் எல்லாம் நான்.

அந்த மாத முடிவுக்குள் இன்னும் இரண்டு பட்டதாரிகளைச் சேர்க்காவிட்டால் திட்டத்தையும் கருவிகளையும் தெற்கே வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிவிடுவதாகக் கடிதம் வந்தது. கருவிகள் போனால் என் வேலையும் போகும். (நானும் கருவிகளோடு போகலாம்தான். ஆனால் என்னை ஒருவரும் கேட்கவில்லை.) விளம்பரம் போட்டோம். ஒரு காக்கைகூட வரவில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்த நாட்கள் எல்லாம் எங்கள் வீட்டின் வரலாற்றில் கறுப்பு நாட்கள். இருந்தாலும் பேராசிரியர் சேரிடம் போய்ச் சொன்னேன்.

"சேர், எங்கடை ஊரிலை வேலைக்குப் போறதோ இல்லையோ எண்டு முடிவெடுக்கிறது பட்டதாரி இல்லை. தாய் தேப்பன். அவையையும் கூப்பிடுவம். முதல் வெப்பக் கமராவைக் காட்டி ஆக்களை மயக்குவம். பிறகு நேர்முகம்."

"தாய் தேப்பனோடை ஆர் கதைக்கிறது?"

"என்ரை அம்மா கதைப்பா சேர். பிள்ளையை இஞ்சை விட்டிட்டு நிம்மதியாய் இருக்கிற தாய்."

சேர் யோசித்தார். அவருக்கு ஓய்வாக இருந்த ஒரே நாள் கந்தசஷ்டியின் நாலாம் நாள். "விரத நாளிலை தொடங்கினால் நல்லதுதான்" என்றார். அவர் ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருப்பவர். அந்த ஆறு நாளும் அவருக்குப் பக்கத்தில் நின்று கதைத்தாலே நமக்குக் குற்ற உணர்வு வரும்.

எனக்கு அது இரட்டிப்பாக வந்தது. காரணம், அந்த வருடம் நானும் விரதம்.

அதாவது, விரதம் என்று எங்கள் வீடு நம்பிக்கொண்டிருந்தது. நான் படிப்பதற்காக அம்மா வருடா வருடம் சஷ்டி பிடித்துக் களைத்துப்போய், "இந்த முறை உனக்காக நீயே பிடி. ஒரு நல்ல வழி திறக்கும்" என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். அந்த வயதில் எல்லாவற்றையும் ஒரு பரிசோதனையாகப் பார்ப்பது என் வழக்கம். முதல் நாள் காலை பத்து மணிக்கே பரிசோதனை முடிந்துவிட்டது. முடிவு: ஏலாது.

அதற்குப் பிறகு வட்டுக்கோட்டையிலிருந்து கம்பஸுக்குப் போகும் வழியில், மோட்டார் சைக்கிள் தானாகவே ஐந்து சந்தியில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நிற்கப் பழகிக்கொண்டது. கடைக்கார நானா போடும் மட்டன் றோல்ஸைப் பற்றி நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. வர்ணித்தால் இப்போதும் எழும்பிப் போக வேண்டிவரும்.

நேர்முக நாள் காலையிலும் அங்கே நின்றேன். எண்ணெயிலிருந்து அப்போதுதான் இறங்கிய மூன்று றோல்ஸ்.

"பேப்பரிலை சுத்தட்டோ தம்பி?"

"வேண்டாம் நானா, நேரம் போட்டுது. அப்பிடியே சொப்பின் பைக்குள்ளை போடுங்கோ."

அவர் ஒரு மெல்லிய கறுப்புப் பொலித்தீன் சொப்பின் பைக்குள் போட்டு முடிந்து தந்தார். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. எனக்குப் பரம திருப்தி.

கம்பஸில் சைக்கிள் விடும் இடத்தில் நின்று ஒன்றைத் தின்று முடித்தேன். இரண்டாவதில் முதல் கடி கடித்த கையோடு பின்னால் ஒரு குரல்.

"தம்பி!"

அம்மா. வெள்ளனப் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். பட்டுச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, முகத்தில் ஒரு தேஜஸ். நான் கடித்த றோல்ஸைப் பைக்குள் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் "ம்ம்" என்றேன்.

"முகம் வாடிப்போய்க் கிடக்கு ராசா" என்றார் அம்மா, கண் கலங்க. "இன்னும் ரெண்டு நாள்தானே."

ஆய்வுகூட அறைக்குள் போனதும் பையை மூலையில் இருந்த அலுமாரியின் கைப்பிடியில் கொழுவினேன். அலுமாரிக்குக் கண்ணாடிக் கதவு. திறந்து உள்ளே வைக்க ஒரு விநாடி ஆகியிருக்கும். அந்த ஒரு விநாடியை நான் மிச்சம் பிடித்தேன். இந்த விவரத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறை நிறைந்துவிட்டது. அளவெட்டியிலிருந்து கபிலன் என்ற பெடியன், தவில் வித்துவானான தகப்பனோடு வந்திருந்தான். இன்னும் சில பட்டதாரிகள், அவர்களுடைய பெற்றோர், ஒரு சித்தப்பா. கடைசி வரிசையில் தலையில் முக்காட்டோடு சஃப்னா. விண்ணப்பங்களில் மிகத் திறமான பெறுபேறு அவளுடையது. தனியாக வந்திருந்த ஒரே ஆளும் அவள்தான்.

அம்மா எழும்பினார். ஓய்வு பெற்ற ரீச்சர் என்பதால் மைக் தேவைப்படவில்லை.

"நான் கனக்கக் கதைக்கேல்லை. இது நல்ல இடம். என்ரை பிள்ளை இண்டைக்கு நாலு நாளாய் அன்னம் தண்ணியில்லாமல் இந்த ஆய்வுகூடத்திலை வேலை செய்யிறான். ஒரு முணுமுணுப்பு இல்லை. அப்பிடியொரு பக்குவத்தை இந்த வேலை அவனுக்குக் குடுத்திருக்கு!"

நான் நிலத்தைப் பார்த்தேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தவில்காரருக்கு முகம் மாறிவிட்டது.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ" என்றார். அவர் மெல்லக் கதைத்தாலே கோயில் வீதி வரை கேட்கும். "என்ரை பெடியனுக்குக் காஸ்ட்ரிக். நேரத்துக்குச் சாப்பிடாட்டில் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு படுத்திடுவான். பட்டினி கிடந்து செய்யிற வேலையெண்டால் எங்களுக்குச் சரிவராது. எழும்படா தம்பி."

"எங்கடையனும் பசி தாங்கமாட்டான்" என்றார் சித்தப்பா. இரண்டு மூன்று கதிரைகள் கிறீச்சிட்டன. என் வேலை, ஆய்வுகூடம், லேசர் எல்லாம் சேர்ந்து கொழும்பு ரெயிலில் ஏறுவது எனக்குத் தெரிந்தது.

"ஒரு நிமிஷம்! கமராவைப் பாத்திட்டுப் போங்கோ!" என்று கத்தி, புரொஜெக்டரைப் போட்டேன்.

வெப்பக் கமரா காட்டும் படத்தை முதல்முறை பார்த்தவன் எழும்பிப் போகமாட்டான். திரையில் எல்லோரும் ஒளிவிடும் மனிதர்களாக மாறினார்கள். சூடான இடம் மஞ்சள், இன்னும் சூடென்றால் வெள்ளை, குளிர்ந்தது நீலம். தவில்காரரின் உள்ளங்கைகள் தகதகத்தன. எழும்பியவர்கள் மறுபடியும் கதிரையில் இருந்தார்கள். எனக்கு உசார் ஏறிவிட்டது.

"பாருங்கோ, இது என்ரை கண்ணாடி" என்று மூக்குக் கண்ணாடியைக் காட்டினேன். திரையில் என் கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கருங்குழிகள். "எங்கடை கண்ணுக்குக் கண்ணாடிக்குள்ளாலை எல்லாம் தெரியும். வெப்பக் கதிர் அதுக்குள்ளாலை வராது. அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னாலை ஒரு நெருப்புக் குச்சியைக் கொளுத்தி வைச்சாலும் இந்தக் கமராவுக்குத் தெரியாது. ஆனா..." (இங்கே நான் ஒரு மந்திரவாதி போல இடைவெளி விட்டேன்) "...இந்தக் கறுப்புச் சொப்பின் பை! கண்ணுக்கு ஒண்டும் தெரியாது. கமராவுக்கு?"

வெறும் பை ஒன்றுக்குள் கையை விட்டேன். திரையில் பையைக் காணோம். ஐந்து விரல்களும் பளிச்சென்று தெரிந்தன. சனம் கைதட்டியது.

உலகத்தில் அந்த ஒரு உண்மையை மற்றவர்களுக்கு விளங்கவைக்கும் அளவுக்குத் தெரிந்துவைத்திருந்த நான், கைதட்டலில் மிதந்தபடி கமராவை அறை முழுக்கச் சுழற்றினேன்.

"தம்பி" என்றார் அம்மா, பெருமையில் பூரித்த குரலில். "அந்த மூலையிலை என்னப்பு, ரெண்டு விளக்கு மாதிரி எரியுது?"

திரையில், அலுமாரிக் கைப்பிடியில், பை இல்லை. இரண்டு உருளைகள் மட்டும் அந்தரத்தில் மிதந்தன.

எனக்குப் பசி போய்விட்டது. முதன்முறையாக உண்மையான விரத நிலையை அடைந்தேன்.

"அது... அளவுத்திருத்தம்" என்றேன். "வெப்ப மூலம். கமரா சரியாய் வேலை செய்யுதோ எண்டு பாக்க நான்தான்... தயாரிச்சு வைச்சனான்."

சேர் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். இரண்டு உருளைகளையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"திறமான யோசினை" என்றார். "அப்ப நேர்முகத்தை இதிலையே தொடங்குவம். இந்த வெப்ப மூலம் என்னவெண்டு படத்தை மட்டும் பாத்து ஆர் சொல்லுவியள்?"

ஒருவன் பற்றரி என்றான். கபிலன் தலையை ஆட்டினான். "பற்றரியாய் இருக்கேலாது சேர். ஒண்டு முழுசு, மற்றது ஒரு முனை உடைஞ்சிருக்கு. உடைஞ்ச முனைதான் வெள்ளையாய்த் தெரியுது. அப்ப உள்ளுக்கு நல்ல சூடு, வெளிப்பக்கம் ஆறீட்டுது. வெளியிலை இருக்கிற ஓடு வெப்பத்தை லேசிலை கடத்தாத சாமான்."

அவ்வளவும் சரி. அவனைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும் போல இருந்தது, அவன் வாயைப் பொத்தவும் வேண்டும் போல இருந்தது.

"உள்ளுக்கு ஈரப்பதனான ஒண்டு" என்று அவன் தொடர்ந்தான். "வெளியிலை மொறுமொறுப்பாய் ஏதோ. உடைஞ்ச இடமும் நேராய் வெட்டினது இல்லை சேர். வளைவு வளைவாய், ஆரோ கடிச்ச மாதிரி..."

அவன் நிறுத்தினான். விளங்கிவிட்டது அவனுக்கு. நல்ல பிள்ளை, நிலத்தைப் பார்த்தான். தவில்காரரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"பின்னுக்கிருக்கிற தங்கச்சி?" என்றார் சேர்.

சஃப்னா எழும்பினாள். "எனக்கு விடை தெரியும் சேர். ஆனா நான் சொன்னால் நியாயமில்லை."

"ஏன்?"

"காலமை இவர் வாங்கினதைச் சுருட்டினது நான்தான். ஐந்து சந்தியிலை எங்கடை வாப்பான்ரை கடை."

அம்மா மெல்ல எழும்பினார். ஒரு தாயின் கடைசி நம்பிக்கை எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

"பிள்ளை... உது மரக்கறி றோல்ஸ்தானே?"

சஃப்னா என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். ஆனால் அவள் விஞ்ஞானி.

"மரக்கறி எண்டால் நாங்கள் முக்கோண றொட்டிதான் போடுறது அன்ரி" என்றாள் மிகவும் மரியாதையாக. "நீட்டாய் உருளையாய் இருந்தால் ஆட்டிறைச்சி."

தவில்காரர் வெடித்தார். மேசையில் இருந்த பீக்கர்கள் அதிர்ந்தன. "அப்ப சாப்பிட விடுவினம்!" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரீச்சர் சொன்னதைக் கேட்டு நான் பயந்துபோனன். சேர், என்ரை பெடியனை எடுங்கோ. உந்தத் தம்பி பக்கத்திலை இருந்தால் இவன் பட்டினி கிடக்கமாட்டான்!"

கபிலனும் சஃப்னாவும் அன்றே தெரிவானார்கள். ஆய்வுகூடம் பிழைத்தது. எல்லோரும் போனபின் சேர் அலுமாரியில் தொங்கிய பையைக் காட்டினார்.

"தம்பி, உம்மடை வெப்ப மூலம் ஆறுது. வெளியிலை கொண்டுபோய் அளவுத்திருத்தத்தை முடிச்சிட்டு வாரும்."

அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டு வாங்குவதிலும் மோசம்.

மோட்டார் சைக்கிளில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வட்டுக்கோட்டை வயல்வெளி தொடங்கும் இடத்தில்தான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டுதான் வாங்கினனியோ?"

"மூண்டம்மா."

"அப்ப கமராவும் முழுசாய்க் கண்டுபிடிக்கேல்லை" என்றார் அம்மா. முதுகில் ஒரு குலுக்கம் பட்டது. அழுகிறாரா என்று பயந்து சைக்கிளின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

சஃப்னா இப்போது அந்த ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்டத்தை முடிக்கப் போகிறாள். புதிய உதவியாளர்களுக்கான நேர்முகத்தில் இன்றைக்கும் முதல் கேள்வி அந்தப் படம்தான். நான் விரிவுரையாளனாகி, வருடா வருடம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வெப்பக் கதிர்வீசலைக் கற்பிக்கிறேன். கறுப்புப் பொலித்தீனுக்குள்ளால் அது போகும், கண்ணாடிக்குள்ளால் போகாது என்று எத்தனையோ முறை சொல்லியும் சோதனையில் அரைவாசிப் பேர் மாற்றித்தான் எழுதுகிறார்கள்.

அதை ஒரேயொரு முறை கேட்டு, ஒருபோதும் மறக்காத ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு சஷ்டிக்கும் நான் வேலை முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அம்மா என் கையில் இருக்கும் பைகளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நேரே உள்ளே போய், கண்ணாடி அலுமாரியைத்தான் திறந்து பார்க்கிறார்.